கையெழுத்து போட்டதுக்கு அப்புறம்: கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதுற மனநல டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு வணக்கம்,

கொலை கேஸோ திருட்டு கேஸோ, குற்றம் சாட்டப்பட்டவரோட மனநிலை எப்படி இருந்துச்சுன்னு கோர்ட் கேக்கும்போது அவரைப் பரிசோதிச்சு ரிப்போர்ட் எழுதித் தர்றவங்க, சாட்சிக் கூண்டுல ஏறி ரெண்டு பக்க வக்கீலுக்கும் பதில் சொல்றவங்க நீங்க. எந்த நாட்டுல வேலை பாத்தாலும் இந்த லெட்டர் உங்களுக்குத்தான். நான் டாக்டரும் இல்ல வக்கீலும் இல்ல. எங்க வீட்டுல ஒருத்தருக்கு ஸ்கிஸோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், உங்க துறை ஆளுங்க குடுத்த மருந்துலயும் காட்டின பொறுமையிலயும்தான் அவர் இன்னிக்கு நல்லா இருக்கார், அந்த நன்றியோடதான் எழுதுறேன். அவரோட நோயப் பத்தி புரிஞ்சுக்கலாம்னு படிக்க ஆரம்பிச்சு, அப்படியே சைக்கியாட்ரியோட வரலாறு, அதுக்கும் கிரிமினல் சட்டத்துக்கும் இருநூறு வருஷமா இருக்கிற கொடுக்கல் வாங்கல்னு போயிட்டேன், படிக்கப் படிக்க ஒரு விஷயம் மனச அரிச்சுக்கிட்டே இருக்கு. உங்க ரிப்போர்ட்ட வெச்சு ஒருத்தரை உள்ள அனுப்புறாங்களே, அவர் எப்ப வெளிய வருவார்னு யார் கணக்கு வெச்சிருக்காங்க?

முதல்ல உங்க துறை செஞ்ச நல்லத சொல்லிடுறேன், அது சின்ன விஷயமே இல்ல. முந்நூறு வருஷம் முன்னாடி இங்கிலாந்துல ஆர்னால்டுன்னு ஒருத்தர், ஆன்ஸ்லோ பிரபுதான் தனக்கு சூனியம் வெச்சிட்டார்னு நம்பி அவரை துப்பாக்கியால சுட்டுட்டார். 1724-ல நடந்த அந்த கேஸ்ல ஜட்ஜ் ட்ரேசி ஜூரிகிட்ட என்ன சொன்னார் தெரியுமா, அறிவும் ஞாபகமும் மொத்தமா போய் ஒரு கைக்குழந்தை மாதிரி, ஒரு காட்டு மிருகம் மாதிரி இருந்தாதான் அவன் தண்டனைலேர்ந்து தப்ப முடியும்னு. ஆர்னால்டுக்கு தூக்குன்னு தீர்ப்பாச்சு, சுடப்பட்ட பிரபுவே கேட்டுக்கிட்டதாலதான் உயிர் தப்பிச்சு ஜெயில்ல கிடந்தார். அப்ப கோர்ட்டுல மனநோய்ன்னா அவ்ளோதான், மிருகமா இல்ல மனுஷனா, நடுவுல ஒண்ணும் கிடையாது. பேசுறவன், கணக்குப் போடுறவன், துப்பாக்கி வாங்கத் தெரிஞ்சவன் எப்படி நோயாளியா இருக்க முடியும்னுதான் எல்லாரும் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு பதில் கொண்டு வந்தது உங்க முன்னோர்தான். வெளிய எல்லாம் சரியா இருந்தும் உள்ள ஒரே ஒரு நம்பிக்கை மட்டும் புரண்டு போயிருக்கலாம், அந்த ஒரு நம்பிக்கை ஒரு மனுஷனை எங்க வேணா இழுத்துட்டுப் போகலாம்னு கோர்ட்டுக்கு காட்டினீங்க. நோயாளிகள் கூடவே இருந்தவங்களுக்கு மட்டும்தான் அது தெரிஞ்சிருக்க முடியும்.

1800 மே 15, லண்டன் ட்ரூரி லேன் தியேட்டர்ல மூணாம் ஜார்ஜ் ராஜாவ நோக்கி ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டுன்னு ஒரு பழைய சிப்பாய் சுட்டார். 1794-ல பிரான்ஸ் படையோட நடந்த சண்டைல தலைல வாள்வெட்டு வாங்கினவர். உலகத்தக் காப்பாத்த தான் சாகணும், ஆனா தற்கொலை பண்ணிக்கக் கூடாது, அரசாங்கம்தான் தன்னைக் கொல்லணும்னு நம்பினார், அதனால ராஜாவ சுட்டா தூக்குல போட்டுடுவாங்கன்னு கணக்குப் போட்டார். பாருங்க, எவ்ளோ தெளிவான திட்டம், எவ்ளோ பெரிய நோய். அவரோட வக்கீல் எர்ஸ்கின் டாக்டர்களைக் கூப்பிட்டு சாட்சி சொல்ல வெச்சார், பழைய காட்டு மிருக அளவுகோல் அங்கயே ஆட்டம் கண்டுச்சு, ஜட்ஜே விசாரணைய பாதில நிறுத்தி, ஜூரிய விடுதலைன்னு சொல்ல வெச்சார்.

அதோட கதை முடிஞ்சிருந்தா நான் இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்டேன். விடுதலை ஆனவரை வெளிய விடணுமேன்னு எல்லாருக்கும் பயம் வந்துடுச்சு, அந்த வருஷமே பார்லிமென்ட் அவசரமா ஒரு புது சட்டம் போட்டுச்சு. மனநோய் காரணமா விடுதலை ஆனா, ராஜாவுக்கு விருப்பம் இருக்கிற வரைக்கும் அடைச்சு வைக்கலாம். முன்தேதி போட்டு ஹாட்ஃபீல்டுக்கும் அது பொருந்தும்னு எழுதினாங்க. பெத்லம் மனநல ஆஸ்பத்திரி, நடுவுல நியூகேட் ஜெயில், திரும்ப பெத்லம்னு இருந்து 1841-ல அங்கயே செத்தார். குற்றவாளி இல்லைன்னு தீர்ப்பு வாங்கினவர் 41 வருஷம் பூட்டுக்குள்ள. தண்டனைக்கு ஒரு கடைசி தேதி உண்டு, அது முடிஞ்சா கதவைத் திறந்துதான் ஆகணும், ஆனா இந்த புது விடுதலைக்கு கடைசி தேதியே கிடையாது. கிரிமினல் சட்டமும் உங்க துறையும் கை கோத்த முதல் பெரிய நாள்லயே இந்த ஓட்டை உண்டாகிடுச்சு, இன்னும் பல இடத்துல அது அடைபடல.

அடுத்து வர்றது எல்லாருக்கும் தெரிஞ்ச மெக்நாட்டன் கேஸ், நீங்க காலேஜ்லயே படிச்சிருப்பீங்க, ஆனா அதுல ஒரு சின்ன விஷயத்த பலர் கடந்து போயிடுறாங்க. 1843 ஜனவரி 20, டேனியல் மெக்நாட்டன் பிரதமர் ராபர்ட் பீலோட செயலாளர் எட்வர்ட் ட்ரம்மண்டை சுட்டார், அஞ்சு நாள் கழிச்சு அவர் இறந்துட்டார். பீலோட டோரி கட்சிக்காரங்க ஊர் ஊரா தன்னைத் துரத்தி நிம்மதியக் கெடுக்குறாங்கன்னு மெக்நாட்டன் நம்பிக்கிட்டு இருந்தார். அவரோட வக்கீல் காக்பர்ன், ஐசக் ரே-ன்ற அமெரிக்க டாக்டர் 1838-ல மனநோயும் சட்டமும் பத்தி எழுதின புத்தகத்த வெச்சு வாதாடினார். ஃபோர்ப்ஸ் வின்ஸ்லோன்னு ஒரு டாக்டர் மெக்நாட்டன்கிட்ட ஒரு வார்த்தை கூட தனியா பேசாம, கோர்ட்டுல உக்காந்து விசாரணையக் கேட்டே இவருக்கு மனநோய்னு சாட்சி சொன்னார். விடுதலை கிடைச்சுது. விக்டோரியா ராணிக்கு கோபம், பிரபுக்கள் சபை ஜட்ஜுங்களைக் கூப்பிட்டு கேள்வி கேட்டுச்சு, அந்த பதில்கள்தான் மெக்நாட்டன் விதிகள்: மனநோயால தான் செய்றது என்னன்னு தெரியாம இருந்திருக்கணும், இல்ல அது தப்புன்னு தெரியாம இருந்திருக்கணும். அந்தக் கேள்விகள்லயே ஒண்ணு, நோயாளிய முன்ன பின்ன பாக்காத டாக்டர் விசாரணைய மட்டும் கேட்டுட்டு கருத்து சொல்லலாமான்றது. அதாவது இருநூறு வருஷத்துக்கு கிட்டத்தட்ட முன்னாடியே சட்டத்துக்கு அந்த உறுத்தல் இருந்திருக்கு.

இதே அளவுகோல்தான் 1860-ல இந்திய தண்டனைச் சட்டத்தோட 84-வது பிரிவாச்சு, இப்ப பாரதிய நியாய சம்ஹிதாவுல 22-வது பிரிவா இருக்கு, மெக்நாட்டன் விதியோட வார்த்தைலேர்ந்து கொஞ்சம் வேற, ஆனா சாராம்சம் அதேதான். மெக்நாட்டன் என்ன ஆனார்? பெத்லத்துல 21 வருஷம், 1864-ல இந்த மாதிரி கேஸ்ல வந்தவங்களுக்குன்னே புதுசா கட்டின பிராட்மூர் ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க, 1865-ல அங்கயே இறந்துட்டார். அவர் பேர்ல விதி இருக்கு, உலகம் முழுக்க சட்டப் புத்தகத்துல இருக்கு, அவர் மட்டும் வெளிய வரவே இல்ல.

இதுல ஒரு தப்பான நம்பிக்கையும் இருக்கு, அதை நீங்கதான் உரக்க சொல்லணும். மனநோய்ன்னு சொல்லி கொலைகாரன் ஈஸியா தப்பிச்சிடுறான்னு ஜனங்க நினைக்கிறாங்க. அமெரிக்காவுல எட்டு மாநிலத்த எடுத்து 1991-ல வெளியான ஒரு ஆய்வு, பெரிய குற்ற கேஸ்கள்ல நூத்துக்கு சுமார் ஒண்ணுலதான் இந்த வாதமே வைக்கப்படுது, வெச்சதுலயும் நாலுல ஒண்ணுதான் ஜெயிக்குதுன்னு காட்டுச்சு. 1981-ல அமெரிக்க அதிபர் ரீகனை சுட்ட ஜான் ஹிங்க்லி 1982-ல விடுதலைன்னு தீர்ப்பு வந்ததும் நாடே கொதிச்சுது, 1984-ல சட்டத்தையே இறுக்கிட்டாங்க, ஆனா அந்த மனுஷன் ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்கு நிரந்தரமா போனது 2016-ல, கட்டுப்பாடு எல்லாம் எடுத்தது 2022-ல. தப்பிச்சதா இது?

பெரிய ஆளை சுட்டவங்க கேஸ் பேப்பர்ல வரும், அதனால யாராவது ஞாபகம் வெச்சிருப்பாங்க. நான் உங்ககிட்ட பேச வந்தது ஞாபகத்துலயே இல்லாதவங்களைப் பத்தி. 1968-ல அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல காது கேக்காத, வாய் பேச முடியாத, எழுதப் படிக்கத் தெரியாத, அறிவு வளர்ச்சியும் குறைஞ்ச ஒரு இளைஞர் மேல ரெண்டு வழிப்பறி கேஸ் போட்டாங்க, ரெண்டும் சேத்து போன சொத்து மொத்தம் ஒம்போது டாலர். விசாரணைய புரிஞ்சுக்குற நிலைமைல அவர் இல்லைன்னு டாக்டர்கள் சொன்னாங்க, அது உண்மைதான், உடனே கோர்ட் அவரை சரியாகுற வரைக்கும் அடைச்சு வைக்க சொல்லிடுச்சு. சரியாக வழியே இல்லைன்னும் அதே டாக்டர்கள்தான் சொல்லியிருந்தாங்க! ரெண்டு வரியையும் சேத்து வெச்சுப் பாத்தா ஆயுள் தண்டனை, குற்றம் நிரூபிக்காமலே. 1972-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்தான், இப்படி முடிவே இல்லாம வைக்கக் கூடாது, நியாயமான காலத்துக்கு மேல போனா விடணும்னு தீர்ப்பு வந்துச்சு. அதே கோர்ட் 1983-ல இன்னொரு கேஸ்ல, கடைல ஒரு ஜாக்கெட்ட திருட முயற்சி பண்ணவர், அதிகபட்சம் ஒரு வருஷம் தண்டனை கிடைக்கிற குற்றம், அவர் மனநோய்ன்னு ஒத்துக்கிட்டதால அந்த ஒரு வருஷத்தத் தாண்டியும் ஆஸ்பத்திரிலயே வைக்கலாம்னு அஞ்சுக்கு நாலுன்ற கணக்குல சொல்லிடுச்சு. நோயாளின்னு ஒத்துக்கிட்டது அவருக்கு எவ்ளோ நஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

அசாம்ல மச்சாங் லாலுங் கதை உங்கள்ல சில பேருக்கு தெரிஞ்சிருக்கும். 1951-ல இளைஞரா கைதானார், விசாரணை நடக்கவே இல்ல, தேஸ்பூர் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. 1967-ல இவர் இப்ப நல்லா இருக்கார்னு ஆஸ்பத்திரி எழுதிக் குடுத்துச்சு. வீட்டுக்கு அனுப்பல, குவாஹாத்தி ஜெயிலுக்கு மாத்தினாங்க. 2005-ல தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டதுக்கு அப்புறம், ஒரு ரூபா சொந்த ஜாமீன்ல வெளிய வந்தார், அப்ப அவருக்கு 77 வயசு, உள்ள இருந்தது 54 வருஷம். இந்தக் கதைல எனக்கு தூக்கம் வராம பண்ணது 1967-ல எழுதின அந்த சர்ட்டிஃபிகேட்தான். டாக்டர் தன் வேலைய சரியாதான் செஞ்சிருக்கார், நல்லா இருக்கார்னு நேர்மையா எழுதியிருக்கார். அதுக்கு அப்புறம் 38 வருஷம், நாம எழுதினோமே அந்த ஆள் என்ன ஆனார்னு கேக்குற ஒரு ஏற்பாடு எங்கயும் இல்ல. எழுதினவர் மேல தனியா பழி போட எனக்கு மனசு வரல. ஆனா எழுதுறதோட வேலை முடிஞ்சுதுன்னு உங்க துறையே ஒரு வழக்கமா வெச்சிருக்கு பாருங்க, அதைத்தான் மாத்தணும்னு கேக்குறேன்.

இதுக்கு பக்கத்துலயே இன்னொரு பிரச்சனை இருக்கு, நீங்க தெரிஞ்சத விட அதிகமா சொல்றது. கோர்ட்டுக்கு ஆமா இல்லன்னு பதில் வேணும், உங்க அறிவுல அப்படி பதில் கிடையாது, அந்த இடைவெளிய யாரோ ஒருத்தர் தைரியமா பேசி நிரப்பிடுறாங்க. பிரான்ஸ்ல எஸ்கிரோல்ன்ற மனநல டாக்டர் கொண்டு வந்த மோனோமேனியா, ஒரே ஒரு விஷயத்துல மட்டும் பைத்தியம்ன்ற கருத்து, 1820-கள்ல கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சுது. 1825-ல பாரிஸ்ல ஆன்ரியெத் கோர்னியேன்ற வேலைக்காரப் பொண்ணு பக்கத்து வீட்டுக் குழந்தைய எந்தக் காரணமும் இல்லாம கொன்னப்ப, ஜோர்ஜே-ன்ற இளம் டாக்டர் இது நோய்தான்னு விடாம எழுதினார், கோர்ட் கேக்கல, ஆயுள் முழுக்க கடின உழைப்புன்னு தீர்ப்பு. அந்தப் பொண்ணுக்காக அவர் நின்னது எனக்கு இப்பவும் பெரிய விஷயம். ஆனா நூற்றாண்டு நடுப்பகுதி தாண்டறதுக்குள்ள அந்த மோனோமேனியாவ உங்க ஆளுங்களே கைவிட்டுட்டாங்க. வாஷிங்டன்ல 1954-ல டர்ஹாம் கேஸ்ல பேஸலோன்னு ஒரு ஜட்ஜ், மெக்நாட்டன் கட்டுப்பாட்டையெல்லாம் எடுத்துட்டு, அந்தச் செயல் மனநோயோட விளைவான்னு மட்டும் பாப்போம், டாக்டர்கள் மனசு திறந்து சொல்லட்டும்னு கதவைத் திறந்து விட்டார். 1957-ல அங்க ஒரு கேஸ்ல வெள்ளிக்கிழமை சாட்சி சொன்ன டாக்டர், சோஷியோபதிக் ஆளுமைன்றது, அதாவது அடுத்தவங்களப் பத்தி கவலையோ குற்ற உணர்வோ இல்லாத சுபாவம், மனநோய் இல்லன்னார், சனி ஞாயிறுல ஆஸ்பத்திரி தன் கொள்கைய மாத்திக்கிச்சு, திங்கக்கிழமை அது மனநோய் ஆகிடுச்சு. ஒரு வாரக்கடைசில ஒரு மனுஷனோட தலையெழுத்து மாறிடுச்சு. டாக்டர்கள் நோயாளியோட மனச விளக்காம முத்திரை மட்டும் குத்திட்டுப் போறாங்கன்னு பேஸலோன் பின்னாடி ரொம்ப வருத்தப்பட்டார், 1972-ல அந்த விதியே போயிடுச்சு. உங்க மேல அவ்ளோ நம்பிக்கை வெச்ச ஜட்ஜ் இன்னொருத்தர் வருவாரான்னு எனக்குத் தெரியல.

அதுக்கும் மேல போனது டெக்சாஸ்ல. அங்க மரண தண்டனை குடுக்கணும்னா இந்த ஆள் எதிர்காலத்துலயும் ஆபத்தானவர்னு ஜூரி நம்பணும், அதை சொல்றதுக்கு ஜேம்ஸ் க்ரிக்சன்னு ஒரு சைக்கியாட்ரிஸ்ட், நூத்துக்கும் மேல மரண தண்டனை கேஸ்கள்ல சாட்சி சொன்னவர். பல தடவை குற்றவாளிய பாக்காமலே, வக்கீல் சொன்ன கற்பனைக் கேள்விய வெச்சே நூறு சதவீதம் நிச்சயம்னு சொல்லியிருக்கார். 1983-ல பேர்ஃபுட்னு ஒரு மரண தண்டனைக் கைதியோட கேஸ் சுப்ரீம் கோர்ட் போனப்ப, அமெரிக்க சைக்கியாட்ரி சங்கமே வந்து, ரொம்ப நாள் கழிச்சு நடக்கப் போற வன்முறைய பத்தி நாங்க சொல்ற கணிப்புல மூணுல ரெண்டு தப்பாதான் போகுது, இதை ஏத்துக்காதீங்கன்னு எழுதிக் குடுத்துச்சு. கோர்ட் கேக்கல. அடுத்த வருஷம் பேர்ஃபுட்டுக்கு தண்டனை நிறைவேத்தினாங்க. ராண்டல் ஆடம்ஸ்னு ஒருத்தர், போலீஸ்காரரை கொன்னார்னு 1977-ல மரண தண்டனை வாங்கினார், இவர் திரும்பவும் கொல்வார்னு அதே க்ரிக்சன் சாட்சி. 1989-ல ஆடம்ஸ் விடுதலை ஆனார், அந்தக் கொலைய அவர் செய்யவே இல்ல. ஒரு தடவை கூட கொல்லாதவரை திரும்பவும் கொல்வார்னு மருத்துவம் சொல்லியிருக்கு, இதை எழுதும்போதே கை நடுங்குது. சங்கம் க்ரிக்சனை வெளியேத்தினது 1995-ல.

நீங்க பயந்த அளவுக்கு ஆபத்து இல்லைன்றதுக்கு ஆதாரமும் உங்க துறை கைலயே இருக்கு. 1966-ல பேக்ஸ்ட்ரம்னு ஒரு கைதியோட கேஸ்ல வந்த தீர்ப்பால நியூயார்க் மாநிலம் டானமோரா, மேட்டவான் ஆஸ்பத்திரிகள்ல தண்டனைக் காலம் முடிஞ்சும் ஆபத்தானவங்கன்னு பூட்டி வெச்சிருந்த 967 பேரை சாதாரண மனநல ஆஸ்பத்திரிகளுக்கு மாத்த வேண்டியதாச்சு. என்ன நடக்கப் போகுதோன்னு ஊழியர்கள் எல்லாம் பயந்தாங்க. ஸ்டெட்மன், கோகோஸான்னு ரெண்டு பேர் நாலு வருஷம் பின்தொடர்ந்து பாத்தப்ப, திரும்ப அந்த பாதுகாப்பு ஆஸ்பத்திரிக்கே அனுப்ப வேண்டி வந்தது நூத்துக்கு மூணு பேர் கூட இல்ல. மீதிப் பேரை எல்லாம் எதுக்கு அத்தனை வருஷம் அங்க வெச்சிருந்தோம்? அந்தக் கேள்விய 1966-க்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரிகள்ல கையெழுத்து போட்ட யாராவது கேட்டிருக்கலாம்.

சோவியத் யூனியன் கதைய விட்டுட்டு இதைப் பேச முடியாது. பியோத்தர் கிரிகோரென்கோ, போர்ல சண்டை போட்ட மேஜர் ஜெனரல், அரசாங்கத்த விமர்சிச்சார். 1969-ல கைது பண்ணாங்க, தாஷ்கண்ட்ல பரிசோதிச்ச டாக்டர்கள் குழு இவருக்கு மனநோய் இல்லைன்னு எழுதுச்சு, அந்த பதில் பிடிக்கல போல, மாஸ்கோ செர்ப்ஸ்கி மனநல இன்ஸ்டிட்யூட்டுக்கு கொண்டு போனாங்க, அங்க சீர்திருத்தம் பண்ணணும்ன்ற எண்ணமே நோயோட அறிகுறி ஆச்சு. 1974 வரைக்கும் ஸ்பெஷல் ஆஸ்பத்திரில. ஸ்நெஷ்னெவ்ஸ்கின்ற சோவியத் மனநல டாக்டர் உண்டாக்கின மந்தமான ஸ்கிஸோஃப்ரினியான்ற வகை இந்த மாதிரி வேலைக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு, வெளிய எந்த அறிகுறியும் தெரியலைன்னாலும் இருக்குன்னு சொல்லலாம். கீவ்ல செம்யோன் க்ளூஸ்மன்னு இருபத்தஞ்சு வயசு கூட ஆகாத ஒரு டாக்டர், ஆவணங்களை மட்டும் வெச்சு, கிரிகோரென்கோவுக்கு மனநோய் இல்லைன்னு ஒரு ரிப்போர்ட் எழுதினார். 1972-ல அவருக்கு ஏழு வருஷம் முகாம், அப்புறம் மூணு வருஷம் நாட்டுக்குள்ளயே தூர ஊருக்கு அனுப்பி வைக்கிற தண்டனை.

இங்க நீங்க என்னைத் தடுத்துக் கேக்கலாம், நோயாளிய பாக்காம சொன்ன வின்ஸ்லோவையும் க்ரிக்சனையும் குறை சொல்லிட்டு, பாக்காம எழுதின க்ளூஸ்மனை மட்டும் ஏன் தூக்கி வைக்கிறேன்னு. நியாயமான கேள்வி, நான் இதை ரொம்ப யோசிச்சேன். க்ளூஸ்மனுக்கு அவரைப் பாக்க அனுமதியே கிடையாது, பாக்கலைன்றதை மறைக்காம, எந்த எந்த ஆவணத்துலேர்ந்து எந்த முடிவுக்கு வந்தேன்னு காட்டினார், அவர் சொன்னது ஒரு மனுஷனைப் பூட்டுறதுக்கு இல்ல, பூட்டத் திறக்குறதுக்கு, விலையும் தானே குடுத்தார். 1979-ல அமெரிக்காவுல சைக்கியாட்ரிஸ்டுகள் கிரிகோரென்கோவ நேர்ல பரிசோதிச்சப்ப மனநோய் எதுவும் இல்லைன்னாங்க. ஒருத்தரோட சுதந்திரத்தைப் பறிக்கிற கருத்துக்கு தேவைப்படுற ஆதாரம், அதைக் காப்பாத்துற கருத்துக்கு தேவைப்படுறத விட பல மடங்கு அதிகமா இருக்கணும், கிரிமினல் சட்டமும் சந்தேகத்தோட பலன குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தானே குடுக்குது. தாஷ்கண்ட் குழுவையும் மறந்துடாதீங்க, செர்ப்ஸ்கி மட்டும் இல்ல, அவங்களும் உங்க துறைதான்.

நேர்மையா இருந்தாலும் ரெண்டு டாக்டருக்கு ரெண்டு கருத்து வரும், அது தப்பே இல்ல. 2011-ல நார்வேல 77 பேரைக் கொன்ன ப்ரெய்விக்க முதல்ல பரிசோதிச்ச ரெண்டு பேர் சைக்கோசிஸ், அதாவது நிஜத்தோட தொடர்பு அறுந்து போற நோய்னாங்க, அடுத்து வந்த ரெண்டு பேர் இல்லைன்னாங்க, 2012-ல கோர்ட் ரெண்டாவதை ஏத்துக்கிச்சு. உலகமே கேலி பண்ணுச்சு. எனக்கு அது கேலியா தெரியல, ரெண்டு ரிப்போர்ட்டும் வெளிய தெரியுற மாதிரி மேஜைல இருந்துச்சு, எங்க வேறுபடுறாங்கன்னு பாத்துதான் கோர்ட் முடிவு பண்ணுச்சு. பேர் தெரியாத ஏழைக்கு ரெண்டாவது ரிப்போர்ட் கிடையாது, உங்க ஒரு ரிப்போர்ட்தான் எல்லாமே.

செத்துப் போனவங்க குடும்பத்தை நான் மறக்கல. மகனை இழந்த ஒரு அம்மாவுக்கு, கொன்னவர் வெளிய வர்றார்னு கேட்டா வயிறு எரியத்தான் செய்யும், நோயாளி குடும்பத்துல இருக்கிற எனக்கு அந்த பயம் ரெண்டு பக்கமும் புரியுது. சில பேரை வெளிய விடவே முடியாமப் போகலாம், அதையும் ஒத்துக்கறேன். அப்படின்னா வருஷா வருஷம் ஏன் முடியாதுன்னு யாராவது அவரைப் பாத்து, பேசி, காரணத்தோட எழுதணும், பழைய ரிப்போர்ட்ட காப்பி அடிச்சு தேதி மட்டும் மாத்தக் கூடாது. கோர்ட்தான் முடிவு பண்ணுது, நாங்க கருத்து மட்டும்தான் சொல்றோம்னு நீங்க சொல்வீங்க. சட்டப்படி சரிதான். ஆனா உள்ள போன ஆளோட ஃபைல்ல இருக்கிறது உங்க வரிதான், இருபது வருஷம் கழிச்சு வர்ற ஜட்ஜும் ஜெயில் அதிகாரியும் படிக்கப் போறது அதைத்தான்.

அதனால கேக்குறேன், டாக்டர். கோர்ட் கேக்கலைன்னாலும் உங்க ரிப்போர்ட்ல இன்னும் சில வரி சேருங்க. இந்தக் கருத்து எத்தனை மாசத்துக்கு செல்லுபடியாகும், அதுக்கு அப்புறம் யார் இவரைத் திரும்பப் பாக்கணும், என்ன மாறினா இவரை வெளிய விடலாம், சிகிச்சை எடுத்தும் விசாரணைக்கு தகுதியாக மாட்டார்னு தோணினா அதை மூடி மறைக்காம தனியா எழுதுங்க. ஆபத்தானவரான்னு கேட்டா, எந்த சூழ்நிலைல, எவ்ளோ காலத்துக்குள்ள, எந்த அளவுக்குன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு மேல கேட்டா எங்க அறிவு அவ்ளோ தூரம் போகாதுன்னு சொல்லுங்க, அதை சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. உங்கள்ல பல பேர் பயன்படுத்துற, மனநோய்களை வகைப்படுத்துற டிஎஸ்எம் கையேடே, நோயோட பேர் ஒண்ணு மட்டும் சட்டக் கேள்விக்கு பதில் ஆகிடாதுன்னு முன்னாடியே எச்சரிக்கை போட்டுதான் வருது. பாக்காத ஆளைப் பத்தி அவருக்கு எதிரா கருத்து கேட்டா முடியாதுன்னு எழுந்து வந்துடுங்க. உங்க சங்கங்கள்ல பேசி, மனநிலை காரணமா உள்ள இருக்கிறவங்க பட்டியல் ஒண்ணு ஒவ்வொரு இடத்துலயும் இருக்கணும், யார் எவ்ளோ நாளா இருக்கார், கடைசியா எந்த டாக்டர் எப்ப பாத்தார்னு அதுல இருக்கணும்னு தீர்மானம் போடுங்க, ஜட்ஜுங்க கேப்பாங்க, உங்க வார்த்தைக்கு அங்க மதிப்பு இருக்கு.

அது வரைக்கும் ஒரு வேலைய நீங்க இந்த வாரமே செய்யலாம், யாரோட அனுமதியும் வேண்டாம். இது வரைக்கும் கோர்ட்டுக்கு நீங்க எழுதின ரிப்போர்ட்டுகளோட நகல் உங்ககிட்ட இருக்கும்ல, ரொம்ப பழசுலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு பேரா எடுங்க, இவர் இப்ப எங்க இருக்கார், எப்படி இருக்கார்னு கேட்டு அந்த கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜெயிலுக்கும் ஒரு லெட்டர் போடுங்க, பதில் வரலைன்னா அடுத்த மாசம் இன்னொண்ணு போடுங்க.

இப்படிக்கு,
நோயாளி வீட்டுல இருக்கிற ஒருத்தன்